செராமிக் கோட்டிங் போட்ட காரில் பிபிஎஃப் ஒட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது வண்டி எடுக்கும்போது ஷோரூமிலேயே "சார், செராமிக் கோட்டிங் போட்டுக் கொடுத்துடறோம்" என்று பில்லில் சேர்த்துவிடுகிறார்கள். சில மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜல்லி ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் போக நேர்கிறது, பானெட்டில் பொட்டுப் பொட்டாகப் பெயின்ட் தெறித்துவிடுகிறது. அதற்கப்புறம்தான் பெரும்பாலானவர்கள் பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம், அதாவது பெயின்ட் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலமான பிபிஎஃப், பக்கம் வருகிறார்கள். ஏற்கெனவே கோட்டிங் இருக்கும் வண்டியில் அதை எப்படி ஒட்டுவது என்பதில் கடைக்குக் கடை ஒவ்வொரு பதில் கிடைப்பதால், வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

நேராகச் சொல்லுங்கள். கோட்டிங் மேல் ஃபிலிம் ஒட்டுமா, ஒட்டாதா?

ஒட்டும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டாது. பானெட்டின் நடுப்பகுதி, கூரை, கதவு போன்ற தட்டையான பரப்புகளில் பெரும்பாலும் வம்பு இருக்காது. பம்பரின் வளைவுகள், சைடு மிரர், பானெட்டின் உள்பக்கம் மடித்துவிடும் ஓரங்கள், கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழி, இங்கெல்லாம் சில வாரத்திலோ சில மாதத்திலோ ஃபிலிம் கிளம்ப ஆரம்பிக்கும். "நான் கோட்டிங் மேலயே ஒட்டினேன், ஒண்ணும் ஆகல" என்று ஒருவர் சொல்வதும், "மூணே மாசத்துல உரிஞ்சிடுச்சு" என்று இன்னொருவர் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எந்தக் கோட்டிங், எவ்வளவு பழசு, வண்டியில் எந்த இடம் என்பதைப் பொறுத்தது.

என்னைக் கேட்டால், ஃபிலிம் வரப்போகும் பேனல்களில் மட்டும் கோட்டிங்கைப் பாலிஷ் போட்டு எடுத்துவிட்டு ஒட்டுவதுதான் சரி. முழு வண்டியிலும் எடுக்கத் தேவையில்லை.

ஓரம் மட்டும் ஏன் கிளம்புகிறது?

ஃபிலிமின் அடியில் இருப்பது அழுத்தினால் பிடிக்கும் அக்ரிலிக் பசை. அது பெயின்ட் மேல் முழுதாகப் படர்ந்து உட்கார்ந்தால்தான் பிடிமானம் வரும். செராமிக் கோட்டிங்கின் வேலையோ எதையும் தன் மேல் படரவிடாமல் இருப்பதுதான். மழைத்துளி உருண்டையாக நின்று வழிந்து ஓடுகிறதே, அதே குணம் பசையையும் சரியாகப் படியவிடாது.

தட்டையான இடத்தில் ஃபிலிம் சும்மா படுத்திருக்கிறது, அதை இழுக்க எந்த விசையும் இல்லை, அதனால் பிடிமானம் கொஞ்சம் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். வளைவுகளில் ஹீட் கன் காட்டி இழுத்து நீட்டித்தான் ஒட்டுகிறார்கள். நீட்டிய ஃபிலிம் பழைய அளவுக்குத் திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுவை முழுக்கப் போய்ச் சேருவது ஓரத்தில்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. கோட்டிங் போடும்போது அப்ளிகேட்டரில் இருக்கும் திரவம் பேனலின் விளிம்புகளிலும் இடுக்குகளிலும் தேங்கி அங்கே கொஞ்சம் கூடுதலாகவே படியும். பிறகு அதை எடுக்கப் பாலிஷ் மெஷின் பிடித்தால், மெஷினின் பேட் சரியாக எட்டாத இடங்களும் அதே விளிம்புகள்தான். ஆக இழுவை அதிகமாக இருக்கும் இடத்திலேயே கோட்டிங்கும் அதிகமாக மிஞ்சியிருக்கிறது.

கோட்டிங்கே 9எச் கடினம், கல்லடி தாங்கும் என்றார்களே? அப்புறம் ஃபிலிம் எதற்கு?

9எச் என்பது பென்சில் சோதனை. குறிப்பிட்ட கடினத்தில் உள்ள பென்சிலைப் பூச்சின் மேல் வைத்துக் கோடு இழுத்தால் கீறல் விழுகிறதா என்று பார்ப்பது. அதற்கும் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து அடிக்கும் ஜல்லிக்கும் சம்பந்தமே இல்லை. நல்ல கோட்டிங்கே ஒன்றிரண்டு மைக்ரான் தடிமன்தான் இருக்கும், பிபிஎஃப் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான். அதுவும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன், சுருக்கமாக டிபியு, ரப்பர் மாதிரி அடியை வாங்கிப் பரப்பிவிடும். இந்தச் சரக்கு முதலில் வந்தது காருக்காகவே இல்லை. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலிகளை மணலும் கல்லும் அரிக்காமல் காப்பாற்ற ஒட்டினார்கள், பிறகுதான் பந்தயக் கார்களுக்கும் நம் கார்களுக்கும் வந்தது.

கோட்டிங் வீண் என்று சொல்லவில்லை. கழுவ எளிது, தூசு அவ்வளவாக ஒட்டாது, பளபளப்பு நிற்கும், பறவை எச்சமும் மரப்பிசினும் பெயின்ட்டை எட்டக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கல்லடிக்கு மட்டும் அதை நம்பாதீர்கள்.

என் வண்டியில் இருப்பது உண்மையிலேயே செராமிக்தானா?

நல்ல கேள்வி, இதை முதலில் கேட்டுவிட்டாலே பாதிச் செலவு மிச்சமாகலாம். ஷோரூமில் "செராமிக்", "டெஃப்லான்", "கிளாஸ் கோட்டிங்" என்று பல பெயரில் விற்பதில் கணிசமானவை சில மாதம் மட்டுமே நிற்கும் சாதாரண பாலிமர் சீலன்ட்கள். பில்லில் பொருளின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி அட்டை என்று ஏதாவது கொடுத்திருந்தால் அதில் இருக்கும்.

வண்டியை நல்ல ஷாம்பு போட்டுக் கழுவி, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். துளிகள் சின்னச் சின்ன உருண்டையாக நின்று சட்டென்று வழிந்து ஓடினால் ஏதோ ஒன்று மேலே இருக்கிறது. தண்ணீர் தாளாகப் படர்ந்து நின்றால், உடனே "கோட்டிங் போயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீரிலும் டேங்கர் தண்ணீரிலும் கழுவிக் கழுவி உப்பு படிந்து கோட்டிங் அடைத்துப்போயிருக்கலாம். உப்புப் படிவை நீக்கும் வாட்டர் ஸ்பாட் ரிமூவர் போட்டுத் துடைத்ததும் திரும்ப உருண்டை வருகிறதா பாருங்கள். அப்படி வந்தால் கோட்டிங் உயிரோடுதான் இருக்கிறது.

வெறும் சீலன்ட் என்றால் கவலையே வேண்டாம், ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் பார் போட்டுத் தேய்த்து, எண்ணெய் எடுக்கும் திரவமான பேனல் வைப் போட்டுத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

கடைக்காரர் "ஐபிஏ போட்டுத் துடைச்சா போதும் சார்" என்கிறார். போதுமா?

போதாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எண்ணெயை எடுக்கும், விரல் ரேகையை எடுக்கும், பாலிஷின் மிச்சத்தை எடுக்கும். இறுகிப்போன சிலிக்காப் பூச்சான செராமிக் கோட்டிங்கை அதனால் கரைக்க முடியாது. வெறும் ஐபிஏ துடைப்போடு நிறுத்திக்கொண்டால் அவர் கோட்டிங் மேல்தான் ஒட்டுகிறார். அதைத் தெரிந்தே செய்கிறார் என்றால் பரவாயில்லை, அனுபவமுள்ள ஆட்கள் பசை பிடிக்கத் தெளிக்கும் ஆல்கஹால் கலந்த தண்ணீரான டேக் சொல்யூஷனில் ஆல்கஹாலைக் கூட்டி, அதிக நேரம் அழுத்திப் பிடித்து ஒப்பேற்றிவிடுவார்கள். "கோட்டிங் எடுத்தாச்சு" என்று நினைத்துக்கொண்டு ஒட்டினால்தான் ஆபத்து.

சரி, எப்படித்தான் எடுப்பது?

தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், வேறு நம்பகமான வழி இல்லை. முதலில் வண்டியை நன்றாகக் கழுவி, இரும்புத் துகள்களைக் கரைக்கும் திரவம் அடித்து, களிமண் பார் ஓட்டி, பெயின்ட்டில் ஒட்டியிருக்கும் அழுக்கை எல்லாம் எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் மெஷின் வைத்தால் அந்த அழுக்கே பெயின்ட்டைக் கீறும். அப்புறம் ஒவ்வொரு பேனலிலும் பெயின்ட் எவ்வளவு தடிமன் இருக்கிறது என்று கேஜ் வைத்து அளந்து, டிஏ மெஷினில், அதாவது சுற்றிக்கொண்டே அசையும் பாலிஷ் மெஷினில், மிதமான பாலிஷ் போட்டு ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கிறார்கள். கோட்டிங் இறுக்கமாக இருந்தால் பாலிஷைவிடக் கடுமையாகத் தேய்க்கும் காம்பவுண்டுக்கு மாற வேண்டியிருக்கும். பேடில் கோட்டிங் துகள் சேர்ந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பதால் அடிக்கடி துடைத்து மாற்ற வேண்டும், இதில் சோம்பல்படுபவர்கள்தான் அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள்.

விளிம்புகளுக்குப் பெரிய மெஷின் வேண்டாம். ஓரத்தில் பெயின்ட் மெல்லிசு, மெஷின் அங்கே ஒரு நொடி கூடுதலாக நின்றால் பெயின்ட்டின் மேலடுக்கான கிளியர் கோட் போய்விடும். சின்ன பேட் வைத்தோ கையாலோதான் தேய்க்க வேண்டும். நேரம் பிடிக்கும். வேலை உருப்படியாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள நீங்கள் பார்க்க வேண்டிய இடமும் இதுதான், பானெட் நடுவில் எல்லோரும் நன்றாகத்தான் செய்வார்கள்.

தேய்த்து முடித்ததும் பேனல் வைப் போட்டு எண்ணெயை எடுத்துவிட்டுத் தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டும். பாலிஷில் இருக்கும் எண்ணெயும் தண்ணீரை உருட்டும் என்பதால் துடைக்காமல் பார்த்தால் எதுவும் தெரியாது. துடைத்த பிறகு தண்ணீர் சோம்பலாகப் படர்ந்து நின்றால் கோட்டிங் போய்விட்டது. இடையில் ஒரு திட்டு மட்டும் உருட்டினால் அந்தத் திட்டில் மறுபடி மெஷின்.

இப்படித் தேய்த்தால் பெயின்ட் போய்விடாதா?

கொஞ்சம் போகும். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் மொத்தமாகச் சுமார் 100 முதல் 140 மைக்ரான் வரும், அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். ஒரு நல்ல பாலிஷ் ஒன்றிரண்டு மைக்ரான் எடுக்கும், காம்பவுண்ட் இன்னும் கொஞ்சம் எடுக்கும். வண்டி வாழ்க்கையில் ஒருமுறை இப்படிச் செய்வது பயப்படும் விஷயம் இல்லை, அதுவும் மேலே ஃபிலிம் வரப்போவதால் இனி அங்கே பாலிஷ் போடும் தேவையே வராது.

பயப்பட வேண்டியது, வருடா வருடம் சர்வீஸ் சென்டரில் "ரப்பிங் பாலிஷ்" போட்டுப் பழகிய பழைய வண்டிகளுக்கு. அளக்காமல் தொடவிடாதீர்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரணக் கேஜ் அதில் வேலை செய்யாது, அதைக் கண்ணாலும் கையாலும் பார்த்து மென்மையாகத்தான் செய்ய வேண்டும்.

மேட் பெயின்ட் வண்டி. அதற்கும் இதே வழியா?

கூடவே கூடாது. மேட் பெயின்ட்டைப் பாலிஷ் போட்டால் அந்த இடம் பளபளவென்று ஆகிவிடும், திரும்ப மேட் ஆக்க முழுப் பேனலையும் ரீபெயின்ட் செய்வதுதான் வழி. மேட் வண்டியில் கோட்டிங் இருந்தால், மறைவான ஒரு ஓரத்தில் ஃபிலிம் துண்டு ஒட்டி ஒன்றிரண்டு நாள் விட்டு, எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கோட்டிங் தானாகத் தேயும்வரை காத்திருப்பது நல்லது. புதிதாக மேட் வண்டி எடுப்பவர்கள் கோட்டிங்கே வேண்டாம் என்று சொல்லி, நேராக மேட் பிபிஎஃப் ஒட்டிவிடுவது உத்தமம்.

போன வாரம்தான் கோட்டிங் போட்டேன், இப்போது பிபிஎஃப் ஆசை வந்துவிட்டது.

முழு வண்டிக்கும் ஒட்டப் போகிறீர்களா, முன்பக்கம் மட்டுமா? முன்பக்கம் மட்டும் என்றால் யோசிக்காமல் செய்யுங்கள், பானெட், பம்பர், ஃபெண்டர், மிரரில் மட்டும் கோட்டிங் போகும், மீதி வண்டியில் அப்படியே இருக்கும். முழு வண்டிக்கும் என்றால் கொடுத்த காசு மொத்தமும் பாலிஷ் பேடோடு போகும். அப்படிப்பட்டவர்கள் கல்லடி அதிகம் வாங்கும் முன்பக்கத்தை மட்டும் இப்போது ஒட்டிவிட்டு, பின்பக்கக் கோட்டிங் தேய்ந்த பிறகு மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். கதவிலும் கூரையிலும் நெடுஞ்சாலைக் கல் வந்து அடிப்பது குறைவுதான்.

வண்டி இன்னும் கைக்கு வரவில்லை, ஷோரூமில்தான் நிற்கிறது என்றால் இன்றே போன் போட்டுக் கோட்டிங்கை நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் ஃபிலிம், அதற்கு மேல் வேண்டுமானால் கோட்டிங், அதுதான் வரிசை.

பானெட்டில் பாதி மட்டும் ஒட்டும் கிட் போடலாமா?

போடலாம், விலை குறையும். ஆனால் ஃபிலிம் முடியும் கோடு திறந்த வெளியில் வரும். அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு மூன்று விரல் அகலத்துக்காவது கோட்டிங்கை எடுத்தால்தான் ஓரம் பிடிக்கும். எடுத்த அந்தப் பட்டைக்கு ஒட்டி முடித்த பிறகு மறுபடி கோட்டிங் தடவ வேண்டும். இவ்வளவு பாட்டுக்கு முழு பானெட்டையும் மூடிவிடலாம் என்பது என் கட்சி. பாதியில் நிற்கும் கோட்டில் அழுக்கு சேர்ந்து, வெள்ளை வண்டியில் கறுப்பாகப் பல்லிளிக்கும்.

ஃபிலிம் ஒட்டிய பிறகு மேலே கோட்டிங் போட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. நல்ல ஃபிலிம்களின் மேல்பூச்சே தண்ணீரை உருட்டும். போட்டால் கழுவுவது இன்னும் எளிது, பறவை எச்சம், பூச்சிக் கறை சட்டென்று ஃபிலிமுக்குள் இறங்காது. போடுவதாக இருந்தால் பிபிஎஃப்புக்கென்று வரும், வளைந்து கொடுக்கும் கோட்டிங்காகப் பார்த்து, ஒட்டி ஒரு வாரமாவது ஆனதும் போடுங்கள். பெயின்ட்டுக்கான கெட்டிக் கோட்டிங்கை மூன்று நான்கு அடுக்கு ஏற்றினால், வெயில் சூட்டில் மெல்லிய கீறல்கள் தானாக மறையும் ஃபிலிமின் குணத்துக்கே இடைஞ்சல்.

வாரண்டி?

எழுத்தில் வாங்குங்கள். "ஓரம் கிளம்பினால் யார் பொறுப்பு" என்று ஒரு வரி. ஃபிலிம் கம்பெனி தரும் வாரண்டி பெரும்பாலும் மஞ்சளாவது, வெடிப்பது, குமிழ் விடுவது பற்றியது. ஒட்டிய வேலைக்குக் கடைதான் பொறுப்பேற்க வேண்டும். கோட்டிங் மேல் ஒட்டியிருந்தால் இரு தரப்பும் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள வசதி.

ஒட்டிய பிறகு உள்ளே தண்ணீர்க் குமிழ் தெரிகிறதே?

சோப்புத் தண்ணீர் தெளித்துத்தான் ஒட்டுகிறார்கள், கொஞ்சம் உள்ளே நிற்கும். வெயில் பட்டால் சில நாளில், சில இடங்களில் இரண்டு மூன்று வாரத்தில், தானாக வற்றிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒட்டினால் இன்னும் தாமதமாகும், அவசரம் இல்லையென்றால் மழை முடிந்து தையில் ஒட்டுங்கள். ஊசியால் குத்தாதீர்கள். ஒரு வாரம் கழுவ வேண்டாம். அதற்குப் பிறகும் பிரஷர் வாஷர் முனையை ஓரங்களுக்கு நேராக, கிட்டத்தில் காட்டக் கூடாது. வாட்டர் வாஷ் பையனிடம் நீங்களே சொல்லிவிட வேண்டும், அவராகக் கவனிக்க மாட்டார்.

குமிழ் தண்ணீரா தூசா என்று சந்தேகம் வந்தால் விரலால் அழுத்துங்கள். நகர்ந்தால் தண்ணீர். நடுவில் புள்ளி வைத்துக் கெட்டியாக நின்றால் தூசு, அது போகாது, கடையில் காட்டுங்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா?

வைக்காமல் இருக்க முடியுமா! வையுங்கள், ஆனால் அன்றைக்கே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். சாயம் கலந்த குங்குமம் ஃபிலிமில் இறங்கினால் வெள்ளை வண்டியில் இளஞ்சிவப்புத் திட்டாக நிற்கும். மஞ்சள் கறை வெயிலில் மெல்ல வெளுக்கும், குங்குமம் அப்படி இல்லை. நம்பர் பிளேட்டிலோ கண்ணாடியிலோ வைத்தால் யாருக்கும் கஷ்டம் இல்லை.

பம்பர் ரீபெயின்ட் ஆனது. ஒட்டலாமா?

பெயின்ட் நன்றாகக் காய்ந்து, உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாக வெளியேறிய பிறகுதான். பூத்தில் சூடேற்றிக் காயவைக்காத பெயின்ட் என்றால் ஒரு மாதமாவது பொறுங்கள். அவசரப்பட்டால் குமிழ் விடும். பின்னால் ஃபிலிமை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும் ஆபத்து ரீபெயின்ட் பேனல்களில்தான், அதை ஒட்டுபவரிடம் மறைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள்.

கலர் பிபிஎஃப் ஒட்டினால் ஆர்சியில் பிரச்சினை வருமா?

நிறம் மாறினால் வரும். ஆர்சியில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கிறது, ஆர்டிஓவில் சொல்லி அதை மாற்ற வேண்டும். நிறமற்ற ஃபிலிமுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கடையில் வேறு என்ன கேட்க வேண்டும்?

ஃபிலிம் டிபியுவா, இல்லை மலிவான வகைகளான பிவிசியா, டிபிஎச்சா என்று கேளுங்கள். டிபியு என்று சொல்லி மற்றதை ஒட்டுவது சகஜம், சின்னத் துண்டு வாங்கி இழுத்துப் பாருங்கள், டிபியு நன்றாக நீண்டு, விட்டதும் மெல்லத் திரும்ப வரும். வண்டி மேலேயே பிளேடால் வெட்டுவார்களா, கம்ப்யூட்டரில் வெட்டிய அளவா என்று கேளுங்கள். பார்க்கிங் சென்சார் மேல் ஃபிலிம் வரக் கூடாது, சுற்றி வெட்டிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், "கோட்டிங்கை எப்படி எடுப்பீங்க, விளிம்புல என்ன பண்ணுவீங்க" என்று கேளுங்கள். முழு வண்டிக்கு என்றால் பல இடங்களில் லட்சத்தைத் தாண்டும் வேலை, இரண்டு கேள்வி கேட்பதில் தப்பில்லை.

ஏற்கெனவே கோட்டிங் மேல் ஒட்டியாச்சு. ஒரு மூலை கிளம்புகிறது. என்ன செய்வது?

முதல் வேலை, நோண்டாதீர்கள். விரல் பட்டால் பசையில் எண்ணெய் ஏறும், அப்புறம் தூசு ஏறும், அதற்கு மேல் அது பிடிக்கவே பிடிக்காது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டும் ஆட்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அது கிளியர் கோட்டைத் தின்றுவிடும்.

ஒட்டி சில நாட்களே ஆகி, உள்ளே சுத்தமாக இருந்தால், கடையில் அந்த மூலையை மட்டும் தூக்கி, அடியில் இருக்கும் கோட்டிங்கைக் கையால் தேய்த்து எடுத்து, ஆல்கஹால் கலந்த தண்ணீர் தெளித்து, சூடு காட்டி அழுத்திப் படியவைத்துவிடுவார்கள். அழுக்கு ஏறிவிட்டால் அந்த ஓரத்தை நேர்த்தியாக வெட்டிவிடுவது ஒரு வழி, அந்தப் பேனலுக்கு மட்டும் ஃபிலிமை மாற்றுவது இன்னொன்று. மாற்றும்போது ஒரு சின்ன ஆறுதல், கோட்டிங் மேல் ஒட்டிய ஃபிலிம் உரிக்கச் சுலபமாக வரும். ஒரு வருடம் ஆகியும் எந்த ஓரமும் அசையவில்லை என்றால், இதைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடாதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள்.